அடையாற்றின் பிறந்த வீடு

படப்பை என்றால் பழந்தமிழில் தோட்டம், கொல்லை. இன்று அந்தப் பெயரைக் கேட்டால், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள்தான் நினைவுக்கு வரும். சென்னையின் அடையாறு பிறப்பது இந்த வட்டாரத்து ஏரிகளில் என்பது பஸ்ஸில் தூங்கி வழிபவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்த ஆற்றுக்கு மலையும் இல்லை, சுனையும் இல்லை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், ஆதனூர் என்று ஏரிகள். மேலேரி நிரம்பினால் கீழேரிக்கு, அதுவும் நிரம்பினால் ஓடைக்கு. ஊர்கள் பாசனத்துக்கு எடுத்தது போக மிஞ்சிய தண்ணீர்தான் சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது.

எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் தீர்மானித்தது. பழைய கலங்கல்களின் மேல் முழங்கால் உயரக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழை ஓயும் தறுவாயில் கற்களுக்கிடையே களிமண்ணும் புல்லும் அடைத்து, கூடுதலாகக் கொஞ்சம் நீர் பிடிப்பார்கள். வானம் மறுபடி இருண்டால் அடைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். அடைப்பதும் பிடுங்குவதும் ஊர்ப் பொறுப்பு. உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்க விதியே வகுத்திருக்கின்றன.

மணிமங்கலத்துக்கு அதைவிடப் பழைய கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைச் சொல்கிறது.

கீழே நகரத்துக்கோ அடையாறு கடக்க வேண்டிய ஆறு, அவ்வளவுதான். 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் இதற்குக் குறுக்கே பாலம் கட்டினார்.

2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட 29,000 கனஅடியைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அல்ல. படப்பைப் பக்கத்து ஏரிகள் வழிந்த தண்ணீர். வழியில் அது பாய வேண்டிய வயல்கள் பல மனைகளாகிவிட்டிருந்தன.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் வேலை தொடங்கியது. செம்பரம்பாக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அப்போதுதான் தெற்கே திரும்பின.