அப்பாவின் பச்சை வான்

போன மாதம் கார் பார்க்கப் போனோம். எனக்கும் மனைவிக்கும் ஒரு எஸ்யூவி நன்றாகப் பிடித்துவிட்டது. கூட வந்த அம்மாவால்தான் அதில் ஏற முடியவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்தார், மற்ற முழங்கால் மடங்க மறுத்தது. "கொப்பாவின்ர வானில எனக்கு இந்தக் கரைச்சல் இருக்கேல்லை" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

அந்த வானை எனக்குத் தெரியும். 1996ஆம் ஆண்டு டொட்ஜ் கரவன், கடும் பச்சை. அப்பா அதைப் பழையதாகத்தான் வாங்கினார். கோயில், கலியாண வீடு, விமான நிலையம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் அதில்தான். ஸ்காபரோவில் வளர்ந்த உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒன்று நின்றிருக்கும். 9ஆம் வகுப்பில் அதிலிருந்து இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் நான் சொல்லாமலே அந்த மூலையில் நிறுத்தினார்.

இப்போது அந்த வானின் கதையைத் தேடி வாசித்தபோது, அது பிறந்ததற்கும் பிள்ளைகளின் வெட்கத்துக்கும் கூடத் தொடர்பு இருப்பதாகப் படுகிறது.

1950கள், 60களில் வட அமெரிக்கக் குடும்பங்களின் வாகனம் ஸ்டேஷன் வாகன். பின்பக்கம் நீண்ட, கனத்த கார். அதன் பின்சீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது அம்மா அப்பாவின் காரைத் திரும்பவும் வாங்க விரும்பவில்லை. 1973இலும் 1979இலும் பெட்ரோல் விலை ஏறியது வேறு. பெரிய கார்கள் விற்காமல் தேங்கின.

ஃபோர்ட் நிறுவனத்தில் ஹால் ஸ்பெர்லிக் என்ற பொறியியலாளர் 1970களிலேயே ஒரு சின்ன வானுக்குத் திட்டம் போட்டிருந்தார். இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் அதை விரும்பவில்லை. ஸ்பெர்லிக்கின் வேலை போனது. 1978இல் தலைவர் லீ அயகோக்காவின் வேலையும் போனது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த இடம், திவாலாகும் நிலையில் இருந்த கிறைஸ்லர். அமெரிக்க அரசு 150 கோடி டொலர் கடனுக்குப் பொறுப்பு நின்றதால்தான் அந்தக் கம்பனி உயிர் தப்பியது. காசில்லாத கம்பனி புது அடித்தளம் செய்ய முடியாது. அதனால் ஏற்கனவே செய்துகொண்டிருந்த சின்னக் கே-காரின் பாகங்களிலிருந்தே வானைக் கட்டினார்கள்.

அதிலேதான் விஷயம் இருக்கிறது. கே-காரில் எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றும். பின் சக்கரத்துக்குத் தண்டு போகத் தேவையில்லை. ஆகவே தரையைத் தட்டையாக, நிலத்துக்குக் கிட்டப் பதித்து வைக்கலாம். உயரம் வீட்டுக் கராஜுக்குள் அடங்கும். அம்மாவின் முழங்காலுக்கு அந்த வான் ஒத்துவந்த காரணம் இதுதான்.

முதல் வான் 1983 நவம்பர் 2ஆம் திகதி ஒன்ராறியோவின் வின்ட்சர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. ஆம், நம்முடைய மாகாணத்திலிருந்துதான்! சனம் அள்ளிக்கொண்டு போனது. ஜெனரல் மோட்டர்ஸும் ஃபோர்டும் அவசரமாக அஸ்ட்ரோ, ஏரோஸ்டார் என்று இறக்கின. இரண்டும் பின் சக்கரம் ஓடும், லொறிக்குக் கிட்டின வான்கள். 1990 மாடலாக ஜெனரல் மோட்டர்ஸ் நீண்ட மூக்கோடு பிளாஸ்டிக் உடம்பு வான் ஒன்று கொண்டுவந்தது. கையில் பிடிக்கும் தூசி உறிஞ்சியின் பெயரையே சனம் அதற்குப் பட்டமாக வைத்தது.

அப்பாவின் 1996 மாடலில் வந்த புதுமை, ஓட்டுநர் பக்கமும் ஒரு சறுக்குக் கதவு. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஃபோர்ட் அப்போதுதான் இறக்கியிருந்த வின்ட்ஸ்டாரில் அது இல்லை. வாங்க வந்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஓட்டுநர் கதவையே நீட்டிச் சமாளித்துப் பார்த்து, கடைசியில் 1999 மாடலில்தான் ஃபோர்ட் இரண்டு பக்கமும் கதவு வைத்தது. ஹொண்டாவும் அப்படித்தான். முதல் ஒடிசிக்குச் சாதாரண கார்க் கதவுகள். அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது சிறிதாகவும் பட்டது. 1999 மாடலைப் பெரிதாக்கி, சறுக்குக் கதவு வைத்து, ஒன்ராறியோ அலிஸ்டனிலேயே செய்தார்கள்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் மினிவான்கள் விற்றன. அதுதான் உச்சம். பிறகு இறக்கம். வான் மோசமாகவில்லை, இன்னும் நன்றாகத்தான் ஆனது. 2005 மாடலில் நடுச் சீட்டையே தரைக்குள் மடித்துவிடலாம். ஆனால் வானின் பின்சீட்டில் வளர்ந்தவர்கள் கார் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டோம். காடும் மலையும் ஏறுவது போலத் தோற்றம் தரும் எஸ்யூவி வேண்டும் என்றோம். போவதென்னவோ கொஸ்ட்கோவுக்குத்தான்.

கம்பனிகள் வெறுமனே நம் பின்னால் ஓடி வந்தன என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்க எரிபொருள் சட்டத்தில் மினிவானும் எஸ்யூவியும் 'இலகு ட்ரக்' பிரிவில் அடங்கின. கார்களை விடத் தளர்வான அளவுகோல். லாபமும் கூட. அந்த ஆசையை விளம்பரம் போட்டு வளர்க்க அவர்களுக்கும் காரணம் இருந்தது. 2018இல் ஃபோர்ட், மஸ்டாங்கைத் தவிர மற்றக் கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வட அமெரிக்காவில் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2020 ஓகஸ்டில் கடைசி டொட்ஜ் கிராண்ட் கரவன் வின்ட்சரில் முடிந்தது.

அப்பாவின் வான் அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதைக் கொண்டுபோன நாள் அப்பா உள்ளே இருந்த பிள்ளையார் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். இப்போது அப்பாவும் இல்லை. அந்தத் தெருமூலையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

வருகிற சனிக்கிழமை ஒரு மினிவானை ஓட்டிப் பார்க்க நேரம் எடுத்திருக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் பதினொரு வயது.