உரிமை உண்டு, நட்டஈடு இல்லை

அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் நன்னடத்தை அதிகாரிகள் சிலர், தமக்குரிய மேலதிகநேரக் கொடுப்பனவை மாநில அரசாங்கம் வழங்கவில்லையெனக் கூறி 1992 ஆம் ஆண்டு சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். 1938 ஆம் ஆண்டின் சமஷ்டித் தொழிற் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆயினும் வழக்கு தள்ளுபடியானது. மாநில நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை. சம்மதம் தெரிவிக்காத மாநிலத்தை அதன் சொந்த நீதிமன்றத்தில்கூட இவ்வாறு நிறுத்துவதற்குக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லையென 1999 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

இத்தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1795 இல் அங்கீகரிக்கப்பட்ட அரசியலமைப்பின் 11 ஆவது திருத்தமாகும். அதன் வாசகம் வேறு மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் தொடுக்கும் வழக்குகளையே குறிப்பிடுகின்றது. சொந்தக் குடிமக்களுக்கும் அதனை விரித்தது 1890 ஆம் ஆண்டுத் தீர்ப்பேயாகும். வாசகத்தில் இல்லாததை வியாக்கியானம் சேர்த்துவிட்டது என்றே கூறவேண்டியுள்ளது.

சமத்துவத்தை உறுதிசெய்யும் 14 ஆவது திருத்தத்தின் கீழ் காங்கிரஸ் இத்தடையை நீக்கலாம் என்பது 1976 முதல் ஏற்கப்பட்டதாகும். ஆனால் அவ்வழியும் ஒடுக்கமானது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பின்னர் பொறுப்பான பதவியை இழந்த அலபாமா அரச பல்கலைக்கழகத் தாதியொருவருக்கு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர இடமில்லையென 2001 இல் கூறப்பட்டது. 2003 இல் நெவாடா மாநில ஊழியர் ஒருவர், நோயுற்ற மனைவியைப் பராமரிக்கும் விடுமுறை தொடர்பில் வழக்குத் தொடர அனுமதிக்கப்பட்டார். ஆண், பெண் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமாக அது கொள்ளப்பட்டதே காரணம். நோயின் துயரில் இத்தகைய வேறுபாடு உண்டா என்பதைத் தாதியிடந்தான் கேட்கவேண்டும்.

எதிர்காலத்தில் சட்டத்தைப் பின்பற்றுமாறு அதிகாரிக்கு எதிராகக் கட்டளை பெறலாம். சமஷ்டி அரசாங்கமே மாநிலத்தின்மீது வழக்குத் தொடரலாம். மாநகர சபைகளுக்கு இப்பாதுகாப்புக் கிடையாது. இழந்த பணத்தைத் தானாகவே கேட்க முற்படும் மாநில ஊழியரே பெரும்பாலும் தடுக்கப்படுகின்றார்.

இவ்வாதம் எமக்குப் புதிதன்று. சிங்கள மொழிப் பரீட்சையில் சித்தியடையவில்லையெனச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரனின் வழக்கில், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாதென 1967 இல் இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது. 1969 இல் பிரிவி கவுன்சில் அதனை நிராகரித்தது. எனினும் மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற மூலக் கேள்விக்கு அது விடையளிக்கவில்லை.

அமெரிக்காவில் அண்மைய தளர்வு 2022 இல் ஏற்பட்டது. ஈராக்கில் சேவையாற்றி நுரையீரல் பாதிப்புடன் திரும்பிய டெக்சாஸ் மாநிலப் பொலிஸ் ஊழியர் வழக்குத் தொடரலாமென அதே ஐந்துக்கு நான்கு பெரும்பான்மையில் தீர்ப்பானது. படைச்சேவை சார்ந்த அச்சலுகை மேன் மாநில அதிகாரிகள் போன்றோருக்குப் பொருந்தாது.