இல்லாத அரசனின் கல்லறை

ஜிம்மு இருந்தாரா, இல்லையா? ஜப்பானின் முதல் சக்கரவர்த்தியைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. சூரியத் தெய்வம் அமதெராசுவின் வம்சம், கியூஷுவிலிருந்து கிழக்கே வந்து யமதோவை வென்றவர், கி.மு. 660இல் முடிசூடியவர் என்கிறது 720இல் எழுதி முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி'. அதன் கணக்குப்படி ஆயுள் 127 வருஷம். 712இன் 'கொஜிகி' 137ங்கிறது. இரண்டுமே அரசவைப் பிரதிகள். 'ஜிம்மு'ங்கிற பெயரே எட்டாம் நூற்றாண்டில் சூட்டப்பட்டதுதான்.

சரி, 660 எங்கிருந்து வந்தது? மெய்ஜிக் கால அறிஞர் நாகா மிச்சியோ இதற்கொரு விளக்கம் தந்தார். அறுபது வருஷச் சுழற்சி இருபத்தொரு முறை முடிந்தால் பெரும் புரட்சி வரும் என்பது சீனத்திலிருந்து வந்த நம்பிக்கை. கி.பி. 601இலிருந்து 1260 வருஷம் பின்னால் போனால் கி.மு. 660. வேறொன்றுமில்லை, பஞ்சாங்கக் கணக்கு.

ஆக, இந்த ஜிம்மு வரலாற்று மனிதர் அல்ல. இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு இதுதான். ஆனால் இதோடு நம் வேலை முடிந்துவிட்டதா? இல்லாத ஓர் ஆள் யார் யாரை என்னவெல்லாம் செய்தார் என்பதல்லவா கேள்வி?

1873இல் மெய்ஜி அரசு அவர் முடிசூடிய நாளை விடுமுறையாக்கியது. முதலில் ஜனவரி 29. அது பழைய சந்திரப் புத்தாண்டோடு ஒத்துப்போனதால், தேதியையே பிப்ரவரி 11க்கு மாற்றினார்கள். கல்லறை கதையும் இப்படித்தான். 1690களில் ஒரு மேட்டைக் காட்டி 'இதுதான்' என்றார்கள். 1863இல் இன்னொரு இடம் தேர்வானது. பழைய மேடு பிற்பாடு அவர் மகன் சுயிசெய்க்குப் போய்ச் சேர்ந்தது!

அந்தப் புதிய கல்லறைக்குப் பக்கத்தில், உனெபி மலைச்சரிவில், ஹோரா என்று ஓர் ஊர். புராகுமின் மக்களின் ஊர். தோல், சாவு சம்பந்தப்பட்ட தொழில்களைச் சொல்லித் தீட்டுடையவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். 1871இலேயே சட்டம் இவர்களைச் சமமானவர்கள் என்று அறிவித்தாச்சு. ஆனாலும் இவர்கள் மேலே இருந்துகொண்டு சக்கரவர்த்தியின் சமாதியைக் கீழே பார்ப்பதா என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 1917இலிருந்து சில வருஷங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அடிவாரத்துக்குப் பெயர்ந்தன. ஊராரே மனமுவந்து நிலத்தைக் கொடுத்தார்கள் என்பது அதிகாரபூர்வச் சொல்லாடல். எந்த அளவுக்கு மனமுவந்து என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

1940இல் 2600ஆம் ஆண்டு விழா. போர்க்காலம். அதே வருஷம், கொஜிகியையும் நிஹோன் ஷோகியையும் பிரதிகளாக வாசித்துக் காட்டிய ட்சுடா சோகிச்சியின் நூல்கள் தடைசெய்யப்பட்டன. வசேதா பல்கலைக்கழகத்திலிருந்து விலகினார். அரச குடும்பத்தின் மாண்பைக் கெடுத்தார் என்று வழக்கு. 1942இல் தண்டனை; 1944இல் காலாவதி என்று வழக்கே முடிந்துபோனது. இதில் வேடிக்கை, ட்சுடா சக்கரவர்த்தி முறைக்கு எதிரி அல்லர். போருக்குப் பிறகு 1946இல் அதை ஆதரித்தே எழுதினார். பிரதியை நேர்மையாக வாசித்ததுதான் அவர் செய்த குற்றம்.

1948இல் நீக்கப்பட்ட பிப்ரவரி 11, 1967இலிருந்து தேச நிறுவன நாளாகத் திரும்பியது. இப்போதும் விடுமுறைதான். 'இருந்தாரா?' என்று மட்டும் கேட்பவர்கள் அந்த நாளின் தேதியைச் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஹோராக்காரர்கள் ஏன் மலையிலிருந்து இறங்கினார்கள் என்று கேட்டால்தான் தொன்மத்தின் உண்மையான வரலாறு தொடங்கும்.