சூலியா கம்போங்கும் இன்றைய எல்லைக் கோடுகளும்

1822இல் சிங்கப்பூர் நகரை இனவாரியாகப் பிரிக்கச் சொன்னார் ராஃபிள்ஸ். லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் நம்மவருக்கும் இடம் இருந்தது: ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியா கம்போங்’. ஆனால் வியாபாரம் நடந்தது ஆற்றின் முகப்பிலும் கடற்கரையிலும். நம் முன்னோர் அங்கேதான் போனார்கள். சூலியா ஸ்திரீட்டும், 1826இல் தொடங்கிய ஜாமியா சூலியா பள்ளியும், தெலுக் ஆயர் நாகூர் தர்காவும் அதற்குச் சாட்சி. ஆள் நடமாட்டமில்லாத இடத்தை இலவசமாகக் கொடுத்தாலும் கடைக்காரன் எடுப்பானா?

இன்று ஒரே வீட்டின் மேல் பல கோடுகள் ஓடுகின்றன. தீவு 55 திட்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; மக்கள்தொகைக் கணக்கும் அந்தப் பெயர்களில்தான் வெளிவருகிறது. தேர்தல் தொகுதி வேறு. சிராங்கூன் கார்டன்ஸ்வாசி கணக்கெடுப்பில் சிராங்கூன்காரர். வாக்களிப்பதோ அல்ஜுனிட் குழுத்தொகுதியில். தொகுதி எல்லைகள் பொதுத்தேர்தலுக்கு முன் திருத்தப்படுவது வழக்கம்.

நம் குடும்பங்களை நேரடியாகத் தொட்டது 1989இல் வந்த வீவக இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. அடையாள அட்டையில் இந்தியர் என்றிருக்கும் தமிழ் முஸ்லிம் இந்தியர் கணக்கில்தான் வருவார். வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் மறுவிற்பனை வீடு வாங்க, விற்பவரும் இந்தியராக இருக்க வேண்டும். அத்தா வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்லாருக்கும் கிடைத்துவிடாது. 1822இல் நம்மை ஓரிடத்தில் சேர்த்துவைக்கக் கோடு போட்டார்கள். இப்போதைய கோடு ஓரிடத்தில் சேராதிருக்க.

சரக்கு கொண்டுபோகும் என் கடைப் பையனுக்கு இவை எதுவும் தேவையில்லை. 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு புளோக்கின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.