புளியந்தோப்பு: நலத்திட்டங்களும் நிதி நெருக்கடியும்

புளியந்தோப்பு வடசென்னையில் பேசின் பாலத்தை அடுத்துள்ள உழைக்கும் மக்களின் பகுதி. பெரம்பூர் பின்னி ஆலை, ஆட்டுத்தொட்டி, ரயில்வே பணிமனை, துறைமுகம் ஆகியவற்றை நம்பி இங்கே குடும்பங்கள் வேரூன்றின. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டதும் நிலையான சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் போயின. தினக்கூலி வேலையே மிஞ்சியது. ரேஷன் அரிசி, குடிசை மாற்று வாரிய வீடு, பள்ளிச் சாப்பாடு, முதியோர் உதவித்தொகை ஆகியவை அந்த இடைவெளியை நிரப்புகின்றன. அரசின் கையிருப்பு சுருங்கும்போது இவற்றுக்கு என்ன நேரும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் வரலாறு உதவும்.

முதலில் வீடு. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அதன் தொடக்கக் கொள்கை. 1977இல் உலக வங்கிக் கடனுடன் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்ததும் கணக்கு மாறியது: செலவைப் பயனாளியிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் பதில் மனையும் அடிப்படை வசதியும் தரப்பட்டன. 2000க்குப் பிறகு நகரத்துக்குள் நிலம் விலை ஏறிவிட்டது என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புறநகர்ப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டன. அரசுக்கு மிச்சமான நிலத்தின் விலையை அந்தக் குடும்பங்கள் பேருந்துக் கட்டணமாகவும் இழந்த வேலையாகவும் கட்டின.

புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்கா குடியிருப்பு இதற்கு விதிவிலக்காக இருந்தது. பழைய வாரியக் குடியிருப்பை இடித்து, அதே இடத்தில் 1,920 வீடுகள் கொண்ட ஒன்பது மாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. ஒன்றிய அரசின் வீட்டுவசதித் திட்டம் ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் தந்தது. மாநில அரசின் பங்கு போக, பயனாளியும் பங்குத்தொகை கட்டவேண்டும் என்றானது. முன்பே அங்கே குடியிருந்தவர்களும் இதில் அடக்கம். எங்கள் வீட்டை இடித்துவிட்டு எங்களிடமே பணம் கேட்கிறீர்களா என்பது அவர்களின் கேள்வி; அது முழுக்க நியாயமானது. 2021 ஆகஸ்டில் இன்னொன்றும் வெளிப்பட்டது. புதுச் சுவரைக் கையால் தட்டினாலே பூச்சு மணலாக உதிர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வில் பூச்சு வேலை குறைபாடுடையது என்று தெரிந்து, பழுதுபார்க்கப்பட்டது.

பள்ளி உணவின் கதை இன்னும் பழையது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு வழங்கத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்பவில்லை. 1925இல் திட்டம் நின்றது. நின்றதைப் பின்னர் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. காமராசர் 1956இலும் எம்.ஜி.ஆர். 1982இலும் நிதித்துறையின் தயக்கத்தைத் தாண்டியே அதை விரிவாக்கினார்கள். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

இன்றைய நெருக்கடியின் அளவு பெரிது. 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி, 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. ஒன்றிய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு பத்தாவது நிதிக்குழுவில் 6.637 சதவீதமாக இருந்தது, பதினைந்தாவதில் 4.079ஆகக் குறைந்தது. ஜி.எஸ்.டி. இழப்பீடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. முதியோர் உதவித்தொகையைப் பார்த்தால் சுமை யார் தலையில் என்பது தெரியும்: 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மாநிலம் தரும் 1,200 ரூபாயில் ஒன்றியத்தின் பங்கு 200 ரூபாய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது உயரவே இல்லை. இன்னொரு பக்கம், 2024-25இல் டாஸ்மாக் மதுக்கடைகள் மூலம் வரியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் கணிசமான பகுதி கூலிக்காரர் பையிலிருந்து போனது. ஆகவே நலத்திட்டத்தை இலவசம் என்று ஏளனம் செய்வது தவறு. புளியந்தோப்பு வரி கட்டும் ஊர்.

சிக்கனத்துக்குச் சொல்லப்படும் முதல் யோசனை, தகுதியுள்ளவருக்கு மட்டும் என்பது. 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1.63 கோடிப் பேர். தொடக்கத்தில் தேர்வானவர்கள் 1.06 கோடிப் பேர். ஆண்டு வருமானம், மின்சார யூனிட், கார் என்று பார்த்துக் கழித்தார்கள். வருமானத்துக்கு ஆவணமே இல்லாத கூலிக் குடும்பங்கள் வாழும் பகுதியில் இப்படிச் சலித்தால் உண்மையான ஏழையும் விழுந்துவிடுவார். எல்லோருக்கும் பொதுவான ரேஷன் கடைதான் இதுவரை ஒவ்வொரு நெருக்கடியையும் தாங்கி நின்றிருக்கிறது. வசதியுள்ளவரும் அட்டை வைத்திருப்பதால் அதில் கைவைக்க எந்த ஆட்சியும் அஞ்சுகிறது.

செலவைக் குறைத்தாக வேண்டும் என்றால், பயனாளியின் பங்குத்தொகையில் அல்ல, தரமற்ற கட்டுமானத்துக்கு இருமுறை செலவழிப்பதில் தொடங்க வேண்டும்.