ஓரங்கிச் சந்துச் சாக்கடை பிறந்த கதை

கராச்சியின் ஓரங்கியில் மக்கள் தங்கள் காசில் பாதாளச் சாக்கடை பதித்துக்கொண்ட கதையை நகரத் திட்டம் படிப்பவர்கள் அறிவார்கள். அதன் தொடக்கம் இன்றைய வங்கதேசத்தின் நெல்வயல்களில் இருக்கிறது.

அந்த வேலைக்கு வழிகாட்டிய அக்தர் ஹமீத் கான் பிரிட்டிஷ் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1943 வங்கப் பஞ்சத்தை அரசு கையாண்ட விதம் பொறுக்காமல் வேலையை உதறினார். அலிகார் பக்கம் பூட்டு செய்பவரிடம் தொழில் பழகினார். 1959இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் ஊரக வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது அதன் இயக்குநரானார். அங்கே அவர் கண்ட முறை எளியது. கிராமத்தார் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் கழகத்துக்கு வந்து கற்று, ஊர் திரும்பிச் சொல்லிக்கொடுப்பார். வாரம் ஒரு கூட்டம், சிறு சேமிப்பு, பொதுவில் ஒரு நீரிறைக்கும் பம்பு.

1971இல் பாகிஸ்தான் இரண்டாகப் பிரிந்தது. கான் மேற்கே போனார். 1980இல் ஓரங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். அனுமதியின்றி எழுந்த குடியிருப்பு அது. வங்கதேசத்தை விட்டு வந்த பிஹாரிகள் அங்கே ஏராளம். மலநீர் சந்தில் திறந்து ஓடியது. அரசு வந்து இலவசமாகச் செய்துதரும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கொமில்லாவில் கிராமம் இருந்த இடத்தில் இங்கே சந்து என்பதை அலகாக வைத்தார் கான். இருபது முப்பது வீடுகள், அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு பொறுப்பாளர். திட்டத்தார் நிலத்தை அளந்து, வரைபடமும் செலவுக் கணக்கும் தந்தார்கள். கருவிகளை இரவல் கொடுத்தார்கள். பணம் தரவில்லை. ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு அரசு மதிப்பீட்டில் சிறு பங்காக இறங்கியது.

கொமில்லாவை அப்படியே பெயர்த்து நடாததுதான் கானின் பெரிய செயல் என்பேன். அங்கே அரசு அதிகாரி ‘தானா’ என்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவின் அலுவலகத்திலேயே இருந்தார், கூட்டுறவுக் கடன் கிடைத்தது. ஆனால் அந்த முறை நாடெங்கும் பரவியபோது வசதியான விவசாயிகள் சங்கங்களைக் கைப்பற்றினார்கள், கடன் திரும்பவில்லை. ஓரங்கிச் சாக்கடையிலோ கடனே கிடையாது.

கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். மக்கள் தங்கள் பங்கைப் பல்லாயிரம் வீடுகளில் முடித்தார்கள். அரசின் பங்குக்காகக் கராச்சியின் ஓடைகளை வரைபடமாக்கி வாதாடியவர் கானுடன் பணியாற்றிய பர்வீன் ரஹ்மான். 2013 மார்ச்சில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.