சாம்பாருக்குச் சான்று உண்டா?

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலைக் காண்பதற்காகச் சென்ற மாதம் நண்பர்கள் நால்வர் கிளம்பினோம். மலையேறி முருகனை வணங்கிவிட்டு, இறங்கியதும் ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். இட்டிலிகள் சாம்பாரில் மூழ்கிக்கொண்டிருந்த வேளையில், நண்பரொருவர் தம் கைபேசிக்கு வந்த மீம் ஒன்றை நீட்டினார். சாம்பார் தமிழர் உணவே அன்று, தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பிறந்தது என்று அடித்துச் சொல்லியது அது.

கதை பலரும் அறிந்ததுதான். தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட சாகுஜி, தம் பெரியப்பா சிவாஜியின் மகன் சம்பாஜிக்கு விருந்து வைத்தாராம். பருப்புக் குழம்பில் வழக்கமாகச் சேர்க்கும் கோகம் தீர்ந்துபோயிற்றாம். நம்மூர்ப் புளியைக் கரைத்து ஊற்றினார்களாம். விருந்தாளியின் பெயரே குழம்புக்கும் ஆயிற்றாம். உடனே மற்றொரு நண்பர் வெகுண்டெழுந்து, குறுந்தொகையிலேயே சாம்பார் உண்டென்றார். இருவர் கூற்றையும் சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

முதலில் காலக்கணக்கு. ஔரங்கசீப்பின் ஆணைப்படி சம்பாஜி கொல்லப்பட்டது 1689இல். ஆகவே விருந்து நடந்திருந்தால் 1684க்கும் 1689க்கும் இடையில்தான் நடந்திருக்க வேண்டும். இடைவெளி குறுகியதே எனினும், காலக்கணக்கு மட்டும் கதையை வீழ்த்திவிடாது. ஆனால் கதையைச் சொல்வோர் அக்காலத்து ஆவணம் எதையும் காட்டுவதில்லை.

அடுத்து, சொல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியில் உள்ள 1530ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, இறைவனுக்குப் படைக்கும் அமுதுபடிகளின் வரிசையில் 'சம்பாரம்' என்ற சொல்லைத் தருகிறது. சம்பாஜி பிறந்தது 1657இல். பிறப்பதற்கு நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் பெயரைக் குழம்புக்குக் கொடுத்திருக்க இயலாதன்றோ? வடமொழியில் 'சம்பாரம்' திரட்டிய பொருள்களைக் குறிக்கும். தமிழில் அது கறிக்கு மணமும் காரமும் கூட்டும் சரக்கைக் குறித்தது. கேரளத்தில் இன்றும் காரச் சரக்குச் சேர்த்த மோருக்குச் சம்பாரம் என்றே பெயர்.

இதைக் கேட்டதும் குறுந்தொகை நண்பரின் முகம் மலர்ந்தது. அவரையும் விடுவதாக இல்லை. கல்வெட்டுச் சம்பாரம் நம் இலையில் விழும் சாம்பார்தான் என்பதற்கு உறுதியில்லை. சொல் பழையது, அவ்வளவே. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் தலைவி சமைப்பது தயிர் பிசைந்த புளிப்புக் குழம்பு. துவரம்பருப்பு அதில் இல்லை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்தது. தக்காளியும் கடல் கடந்து வந்ததே. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தணிகையைப் பாடியபோது, அடிவாரத்து அடுப்புகளில் காரம் தந்தது மிளகுதான். மிளகைப் போல் உறைப்பதால் மிளகாய் என்று பெயரிட்டது மட்டுமே நம் பங்கு.

ஆக, சாம்பார் ஒருவர் ஒருநாளில் கண்டுபிடித்ததும் அன்று, ஈராயிரம் ஆண்டுகளாக மாறாமல் கொதிப்பதும் அன்று.

பிற்பகல் வீரட்டானேசுவரர் கோயிலை அடைந்தோம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எழுப்பிய கற்றளி இது. இங்குள்ள வெண்பா அரசனே இயற்றியது என்று கல்வெட்டே கூறுகிறது. பல்லவ அரசன் தமிழில் கவி பாடினான் என்று நாம் துணிந்து சொல்வதற்கு இக்கல்லே காரணம். கல் இல்லாதிருந்தால் அதுவும் சாம்பார்க் கதையாகத்தான் போயிருக்கும்.

இவ்வூருக்கும் சான்றின் அருமை தெரியும். திருத்தணி ஆந்திரத்துக்கா, தமிழகத்துக்கா என்று வழக்கெழுந்தபோது ம.பொ.சி. முதலானோர் போராடினர். ஆனால் எல்லையை வகுத்த படாஸ்கர், முழக்கங்களின் உரப்பைக் கொண்டு தீர்ப்புச் சொல்லவில்லை. ஊரை அலகாகக் கொண்டார். நிலத்தொடர்ச்சியையும் மக்கள் பேசும் மொழியின் கணக்கையும் நோக்கினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஓர் ஊரின் உரிமைக்கே கணக்குக் கேட்கும்போது, ஒரு குழம்பின் உரிமைக்குக் கேட்கக் கூடாதா?

திரும்பும் வழியில், படத்தை அனுப்பியவருக்கு 1530 என்ற எண்ணை மட்டும் மறுமொழியாக அனுப்பச் சொன்னோம். அது என்ன விலையா என்று கேட்டிருக்கிறார்.